காலையில் நீலம், மதியம் மஞ்சள்

துறைமுகத்தில் எல்லோரும் அவளை மாடி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் சொல்லித் தேடிக்கொண்டு யாராவது வந்தால் அலுவலகத்துக்காரர்களே ஒரு நொடி விழிப்பார்கள். பிறகு, "ஓ, நம்ம மாடி அக்காவா!" என்று ஆகாயத்தைக் காட்டுவார்கள். அங்கே, ஏழெட்டு மாடி உயரத்தில், கண்ணாடிக் கேபினுக்குள் அவள் உட்கார்ந்திருப்பாள். கப்பலிலிருந்து கன்டெய்னர்களைத் தூக்கி, கரையில் வரிசையாக நிற்கும் லாரிகளின் முதுகில் இறக்குவது அவள் வேலை. காலுக்குக் கீழேயும் கண்ணாடிதான். புதிதாக ஏறுகிறவர்கள் அதைப் பார்த்ததும் இருக்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள்.

அவளுக்கு உயரத்தில் பயமே இல்லை. கிடங்கில் மூட்டை அடுக்கும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவளை, துறைமுகத்தில் கிரேன் ஓட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று தோழி ஒருத்தி இழுத்துக்கொண்டு போனாள். எல்லோரையும் ஓர் இரும்பு ஏணியில் ஏறச் சொன்னார்கள். தோழி பாதியிலேயே கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டாள். இவள் உச்சிக்குப் போய்விட்டு, "இன்னும் கொஞ்ச நேரம் இங்கேயே நிக்கலாமா சார்?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியிலேயே வேலை கிடைத்துவிட்டது.

நாடு விடுதலை பெற்று அதிக காலம் ஆகவில்லை. சொந்தக் கொடி வந்துவிட்டது, சொந்த நாணயம் வந்துவிட்டது, தபால்தலை கூட வந்துவிட்டது. சொந்தமாகக் கப்பல் சரக்கை இறக்க ஒரு நல்ல கிரேன் மட்டும் இல்லை. உலகத்திலோ அப்போது இரண்டு பெரிய நாடுகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. முதல் நாடு வந்து, "நாங்கள் இருக்கும்போது உங்களுக்கு என்ன கவலை?" என்று சொல்லி நீல நிறத்தில் ஒரு கிரேனை நட்டுவிட்டுப் போனது. அடுத்த வருடமே இரண்டாவது நாடு வந்து, பக்கத்துத் தளத்தில் மஞ்சள் நிறத்தில் ஒன்றை நட்டது. அது நீலத்தைவிட ஒரு கை உயரம் அதிகம். தற்செயல் என்றார்கள். துறைமுகத்தில் யாரும் நம்பவில்லை.

தொழிலாளர்கள் இரண்டு நாடுகளுக்கும் நீலச் சம்பந்தி, மஞ்சள் சம்பந்தி என்று பெயர் வைத்தார்கள். ஒரே பந்தலில் இரண்டு சம்பந்திகள் வந்து உட்கார்ந்துவிட்டால் பெண்ணைப் பெற்றவர் எப்படி ஓடுவாரோ, அரசாங்கமும் அப்படித்தான் ஓடியது. இவருக்கு ஒரு தலையணை போட்டால் அவருக்கும் ஒன்று. அவரிடம் ஒரு நிமிடம் சிரித்துப் பேசினால் இவரிடமும் ஒரு நிமிடம். நீலக்காரர்கள் நாள்காட்டி கொடுத்தார்கள், மஞ்சள்காரர்கள் குடை கொடுத்தார்கள். நாள்காட்டி சுவரில் தொங்கியது, குடை மழையில் விரிந்தது. யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அரசாங்கம் பிடித்த பிடியை விடவில்லை. கிரேன் யாருடையதாக இருந்தாலும் அதில் உட்காரும் ஆள் நம் ஆளாகத்தான் இருக்க வேண்டும். அப்படித் தேர்ந்தெடுத்த எட்டுப் பேரில் மாடி அக்காதான் மூத்தவள். நீல நாட்டில் அரை வருடம் பயிற்சி எடுத்தாள். பிறகு மஞ்சள் நாட்டிலும் போய்க் கற்றாள். இரண்டு இடத்திலும் குளிர் ஒரே மாதிரி. மற்ற நாட்டைப் பற்றி அவர்கள் சொன்ன குறைகளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான்.

"அம்மா, நாம யார் பக்கம்?" என்று மகள் ஒருநாள் கேட்டாள். பள்ளி இறுதி வகுப்பு. செய்தித்தாளை வரி விடாமல் படிக்கிறவள்.

"நாம நம்ம பக்கம்டி. தள்ளு, தரையைத் துடைக்கணும்."

"இதெல்லாம் ஒரு பதிலா?"

"அமைச்சரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவார். என்ன, ஒரு மணி நேரம் சொல்லுவார்."

அவள் கணவன் நகரப் பேருந்து ஓட்டுநர். இந்தப் பேச்சைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து, குடித்த தேநீர் புரையேறிவிட்டது.

துறைமுகத்தில் யாருக்கு எந்த நேரம் எந்த வேலை என்று பிரித்துக் கொடுக்கிற மேற்பார்வையாளருக்குச் சரிபாதி என்று பட்டப்பெயர். ஒரு ரொட்டியைக் கொடுத்தாலும் அளந்து இரண்டாகப் பிட்டுத்தான் தின்பார். வெளியுறவு அமைச்சகத்திலிருந்து, "இரண்டு நாடுகளின் கிரேன்களையும் சமமாக நடத்த வேண்டும்" என்று உத்தரவு வந்ததும் மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எட்டுப் பேரையும் நான்கு நான்காகப் பிரித்திருக்கலாம். அப்படிச் செய்தால், நல்ல நான்கு பேர் அந்தப் பக்கம் போய்விட்டார்கள் என்று ஒரு சம்பந்தி முகத்தைத் தூக்கிக்கொள்வாரே! ஆகவே அவர் ஒவ்வொரு நாளையும் இரண்டாகப் பிட்டார். எல்லோரும் காலையில் ஒரு நிறம், மதியம் மற்ற நிறம். மாடி அக்காவுக்குக் காலையில் நீலம், சாப்பாட்டுக்குப் பிறகு மஞ்சள்.

இதில் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். கேபினுக்குள் இரண்டு லிவர்கள் உண்டு, ஒவ்வொரு கைக்கும் ஒன்று. நீலத்தில் வலது கை கன்டெய்னரை மேலே தூக்கும், கீழே இறக்கும். இடது கை அதைக் கப்பல் பக்கமும் கரைப் பக்கமும் நகர்த்தும். மஞ்சளில் அப்படியே தலைகீழ். இடது கை தூக்கும், வலது கை நகர்த்தும். இரண்டு நாடுகளும் ஒரு லிவரில் கூட ஒத்துப்போகவில்லை.

சில மாதங்கள் எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓடியது. ஒரு மதியம், மஞ்சள் கேபினில் உட்கார்ந்து கப்பலின் வயிற்றிலிருந்து ஒரு கன்டெய்னரைத் தூக்கிக்கொண்டிருந்தாள். அது கப்பலின் விளிம்பைத் தாண்ட இன்னும் கொஞ்சம் உயர வேண்டும். 'இன்னும் கொஞ்சம்' என்று மனம் சொன்னது. வலது கை அழுத்தியது. உயர வேண்டிய கன்டெய்னர் பக்கவாட்டில் பாய்ந்து, கப்பலின் கைப்பிடிக் கம்பியில் போய் மோதியது. துறைமுகம் முழுக்கக் கேட்கிற சத்தம்.

யாருக்கும் அடி படவில்லை. கம்பி வளைந்தது, கன்டெய்னரின் மூலை நசுங்கியது. உள்ளே இருந்தவை மெத்தைகள் என்பதால் எதுவும் உடையவும் இல்லை. கப்பல் இரண்டு சம்பந்திகளில் யாருடையதும் அல்ல. அதன் கேப்டன் வந்து பார்த்துவிட்டு, எப்போது கிளம்பலாம் என்று மட்டும் கேட்டார். ஆனால் அவள் கீழே இறங்கி வந்தும் அலுவலகத்துக்குப் போகவில்லை. ஏணியின் கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் ஓடி வந்தவர் நீல நாட்டுப் பொறியாளர். துறைமுகத்துத் தேநீர்க் கடையில் நின்று நின்றே தமிழ் கற்றவர். மரியாதை மட்டும் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

"அக்கா, நீ பயப்படாதீங்க. மெஷின்தானே தானா நகர்ந்துச்சு? அதை மட்டும் சொல்லு, போதும். மஞ்சளைக் கழட்டிடுவாங்க. நாங்க இன்னும் ரெண்டு கிரேன் தர்றோம்."

"அதுல யார் உக்காருவா?"

"அதை அப்புறம் பேசலாம்," என்றவர், குரலைத் தாழ்த்தினார். "உங்க பொண்ணு நல்லா படிக்குதாமே? எங்க நாட்டுல பெரிய கல்லூரி எல்லாம் இருக்கு. செலவு நாங்க."

அவர் நகர்ந்ததும் மஞ்சள் நாட்டுப் பொறியாளர் வந்தார். இவர் பாடப்புத்தகத்தில் தமிழ் படித்தவர்.

"அம்மையார் அவர்களே, இயந்திரத்தில் பிழை இல்லை. கை தவறிவிட்டது என்று தாங்கள் கூறினால் போதும். தங்களை எங்கள் நாட்டுக்கு அழைத்துச் சென்று, பெரிய துறைமுகத்தில் நல்ல பணி தருவோம்."

அவர் சொல்லாமல் விட்டதும் அவளுக்குத் தெரியும். மஞ்சள் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. முதல் வருடத்துக்குள் ஆபரேட்டரின் தவறால் விபத்து நடந்தால், மீதிக் காலம் முழுவதும் மஞ்சள் நாடு தன் ஆட்களையே கேபினில் ஏற்றலாம்.

ஆக, இந்தப் பக்கம் சொன்னால் மஞ்சள் போகும், நீலக்காரர்கள் வைத்ததுதான் சட்டம் என்றாகும். அந்தப் பக்கம் சொன்னால் மஞ்சள் கேபினில் மஞ்சள்காரர்கள் உட்காருவார்கள். எப்படிப் பார்த்தாலும் எட்டுப் பேரில் பாதிப் பேர் கிரேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

வீட்டில் அன்று மூவரும் சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்தார்கள். கல்லூரிப் பேச்சை மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. சொல்லிவிட்டாள். மகள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"ஆசையா இருக்கும்மா. பொய் சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கு நீ பொய் சொல்லணும்னா வேண்டாம். அப்புறம் அங்க போய் உக்காந்து எனக்குப் படிப்பு ஏறாது."

"உன் கை தப்புதானா அது?" என்று கணவன் மெதுவாகக் கேட்டான்.

"கை என்னோடதுதான். ஆனா அந்த நேரம் நான் நீலத்துல இருக்கிற மாதிரியே இருந்துச்சு. மெஷின் மேல பழியைப் போட வாய் வரலை. என் தப்புன்னு சொல்லவும் ஏதோ இடிக்குது."

"எங்களுக்குப் புது பஸ் குடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா? ஒரு வாரம் பூரா, திரும்பறதுக்கு விளக்கைப் போடறேன்னு கண்ணாடி துடைக்கிற கம்பியைப் போட்டுக்கிட்டு இருந்தேன். மழையே இல்ல, அது பாட்டுக்குத் துடைக்குது. பின்னாடி வர்றவன் திட்டறான். ஒரு வாரம் போனதும் கை பழகிடுச்சு. காலையில பழசு, மத்தியானம் புதுசுன்னு குடுத்திருந்தா நான் இன்னைக்கும் துடைச்சுக்கிட்டுத்தான் இருப்பேன்."

மகள் சிரித்துவிட்டாள். மாடி அக்கா சிரிக்கவில்லை. சோற்றில் வைத்த கையை அப்படியே வைத்துக்கொண்டு கணவனைப் பார்த்தாள்.

மறுநாள் வெளியுறவு அமைச்சகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தாள். இளம்பெண். ஒரு கையில் பை, மறு கையில் அடித்துக்கொண்டே இருக்கும் தொலைபேசி. மதியம் விசாரணை. இரண்டு நாட்டுத் தூதரகக்காரர்களும் விடிந்ததிலிருந்து அவளை ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தார்கள். அவள் நேராக மாடி அக்காவிடம் வந்து, "விசாரணைக்கு முன்னாடி நான் அந்த இடத்தைப் பாக்கணும்," என்றாள்.

"மேல வரணும் மேடம்."

அதிகாரி அண்ணாந்து பார்த்தாள். "லிஃப்ட்?"

"அதெல்லாம் இல்ல. முழுக்க ஏணிதான்."

செருப்பைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு அதிகாரி ஏறினாள். வழி நெடுக யாரையோ மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தது முகத்தில் தெரிந்தது. மஞ்சள் கேபினுக்குள் வந்ததும் கண்ணாடித் தரையைப் பார்க்காமல் இருக்கையில் சட்டென்று உட்கார்ந்துகொண்டாள். மின்சாரம் நிறுத்தியிருந்தது. மாடி அக்கா ஒவ்வொரு லிவரையும் காட்டி, நீலத்தில் எப்படி, இதில் எப்படி என்று சொன்னாள்.

அதிகாரி லிவர்களைப் பிடித்தாள். "சரி, நீங்க சொல்லுங்க, நான் செய்யறேன். மொதல்ல நீலம்னு வெச்சுக்கங்க."

"தூக்கு. நகர்த்து. இறக்கு. தூக்கு." கொஞ்ச நேரம் இப்படியே போயிற்று. அதிகாரிக்கு ஆட்டம் பிடித்துவிட்டது, உயரம் மறந்துவிட்டது. "இப்ப இது மஞ்சள். தூக்கு!" என்றாள் மாடி அக்கா.

அதிகாரியின் வலது கை அழுத்தியது. இருவரும் அந்தக் கையையே பார்த்தார்கள்.

"இடிச்சுட்டேன்," என்றாள் அதிகாரி. பிறகு நிமிர்ந்து, "நேத்து இதுல ஏறறதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?" என்று கேட்டாள்.

"நீலத்துல. காலையில நீலம், மதியம் மஞ்சள். தினமும்."

"தினமுமா? யார் இப்படி ஒரு முறை வெச்சது?"

மாடி அக்கா தயங்கினாள். சரிபாதியைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. நல்ல மனிதர். அவள் ஒரு மாதம் காய்ச்சலில் கிடந்து திரும்பி வந்தபோது, கேபினை வேறு யாருக்கும் கொடுக்காமல் காத்து வைத்திருந்தவர். "ரெண்டு நாட்டையும் சமமா நடத்தணும்னு மேல இருந்து உத்தரவு வந்துச்சு மேடம். அதை வெச்சு..." என்று இழுத்தாள்.

அதிகாரி லிவர்களிலிருந்து கையை எடுத்தாள். முகத்தில் அசடு வழிந்தது. "அந்த வரியை எழுதினது நான்தான்," என்றாள். "நல்லா எழுதியிருக்கேன்னு பாராட்டு கூட வாங்கினேன்."

விசாரணை துறைமுக அலுவலகத்தின் நீள மேசையில் நடந்தது. ஒரு முனையில் நீலப் பொறியாளர், மறு முனையில் மஞ்சள் பொறியாளர், நடுவில் அதிகாரி. சுவர் ஓரத்தில் சரிபாதி. மாடி அக்கா நின்றுகொண்டே பேசினாள். நேற்றிலிருந்து மனதுக்குள் உருட்டி வைத்ததெல்லாம் மறந்துபோய், உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"மெஷின் சரியாத்தான் இருக்கு. ரெண்டு மெஷினும் நல்ல மெஷின். என் கைக்கும் வேலை தெரியும். ரெண்டுலயும் ஒழுங்கா ஓட்டியிருக்கேன். ஆனா ஒரே நாள்ல ரெண்டுலயும் ஏத்தினா எந்தக் கையும் ஒருநாள் குழம்பும். நேத்து என் கை, இல்லன்னா நாளைக்கு வேற ஒருத்தர் கை. நாங்க ஆள் மாத்தற முறைதான் தப்பு."

"முறை என்றால் யாருடையது?" என்று மஞ்சள் பொறியாளர் பாய்ந்தார்.

"எங்களோடது. நாங்களே வெச்சது. நாங்களே மாத்திக்குவோம். அதுக்கு உங்க ரெண்டு பேர்ல யாரும் வர வேண்டியதில்ல."

சுவர் ஓரத்து நாற்காலி கிறீச்சிட்டது. சரிபாதி எழுந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

"அந்த முறையை வெச்சது நான். யாரோடயும் பங்கு போட வேண்டாம். முழுசா என் மேல எழுதுங்க."

பங்கு வேண்டாம் என்று அந்த மனிதர் சொன்னதை அன்றுதான் துறைமுகம் முதன்முதலாகக் கேட்டது. வாசலில் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"முழுசா எல்லாம் தர முடியாது," என்றாள் அதிகாரி. "எங்க உத்தரவுலயும் குறை இருக்கு. சமமா நடத்தறதுன்னா ஒரே நாள்ல ரெண்டு பேர் வாசல்லயும் ஆளை நிறுத்தறது இல்லன்னு நாங்க எழுதியிருக்கணும்." பிறகு ஒப்பந்தத்தை எடுத்து அந்த நிபந்தனையை உரக்கப் படித்தாள். ஆபரேட்டரின் தவறு என்றால் ஆட்களை மாற்றலாம். இயந்திரக் கோளாறு என்றால் இயந்திரத்தை மாற்றலாம். துறைமுகத்தின் நிர்வாகக் குறை என்றால், கப்பல் கம்பியைத் துறைமுகம் சரிசெய்து தர வேண்டும். அதோடு முடிந்தது.

நீலப் பொறியாளர் ஒரு பெருமூச்சு விட்டார். மஞ்சள் பொறியாளரும் விட்டார். வந்த நாளிலிருந்து அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான். இரண்டு தூதரகங்களும் சில வாரம் முறைப்பாக இருந்தன. அரசாங்கம் கேட்டிருந்த மூன்றாவது கிரேன் பற்றிய பேச்சு தள்ளிப்போயிற்று. அரசாங்கத்துக்கு அதில் வருத்தம்தான். ஆனாலும், அவசரப்பட்டு ஒரு பக்கம் சாய்ந்து வாங்குவதைவிடத் தாமதமே மேல் என்று அமைச்சர் சொன்னதாக மகள் செய்தித்தாளில் படித்துக் காட்டினாள். மகளுக்கு உள்ளூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தது. கணவன் ஓட்டுகிற அதே வழித்தடம். தினமும் அப்பா பேருந்திலேயே போய், தோழிகள் முன்னால் அவரைத் தெரியாத மாதிரி இறங்குகிறாள்.

இப்போது ஒருவர் ஒரு மாதம் ஒரு கிரேனில்தான் இருப்பார். மாறும்போது நடுவில் சில நாள் தரையில் நின்று சைகை காட்டும் வேலை. அதற்குள் கை பழையதை மறந்துவிடும். மாடி அக்கா தரையில் நின்ற நாட்களில், கீழே எவ்வளவு தூசி, எவ்வளவு சத்தம், லாரிக்காரர்கள் என்னென்ன பாட்டு கேட்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்குப் புதிதாக இருந்தன. அதுவும் பிடித்துத்தான் இருந்தது.

பிறகு மஞ்சளில் அவள் முறை வந்தது. முதல் கன்டெய்னரைத் தொடும் முன் வலது கையை மடியில் வைத்து, இடது கையால் மட்டும் ஒருமுறை வெறுங்கொக்கியைத் தூக்கி இறக்கிப் பார்த்தாள். சரியாக இருந்தது. கீழே மஞ்சள் பொறியாளர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் அவருக்குக் கழுத்து வலித்திருக்க வேண்டும். தேநீர்க் கடைப் பக்கம் போய்விட்டார். கப்பல் மெல்ல மெல்ல லேசாகித் தண்ணீரில் உயர்ந்தது. லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக முதுகைக் காட்டி நின்றன, நிரம்பின, போயின.

வேலை முடிந்து இறங்கும்போது, அடுத்த முறைக்கு ஏற வேண்டிய தாடிக்காரர் ஏணியடியில் காத்திருந்தார். எட்டுப் பேரில் அவரும் ஒருவர். உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அக்கா, எனக்கு ஏதாவது மிச்சம் வெச்சிருக்கீங்களா?"

"பாதிக் கப்பல் அப்படியே இருக்கு. ஏறுங்க, சீட்டு இன்னும் சூடாத்தான் இருக்கும்."